ஹட்டன்ல நடக்குற டிமென்ஷியா பராமரிப்பு ட்ரெய்னிங் – காசு கட்டி போகலாமா?

ஹட்டன் டவுன்ல, வீடுகளுக்கு போய் வயசானவங்கள பாத்துக்குற வேலை செய்றவங்களுக்காக ஒரு டிமென்ஷியா (ஞாபகமும் யோசிக்கிற சக்தியும் கொஞ்சம் கொஞ்சமா குறையுற நோய்) ட்ரெய்னிங் நடத்துறாங்க, சனி ஞாயிறுல வகுப்பு. நான் போய் முடிச்சிட்டேன். எப்படி இருக்கு, போகலாமா, காசுக்கு பெறுமதியான்னு கொஞ்சப் பேரு கேட்டுக்கிட்டே இருக்கீங்க, ஒவ்வொருத்தருக்கா சொல்றத விட முழுசா எழுதிடலாம்னு நெனச்சேன். குறைகளையும் எழுதப் போறதால நடத்துறவங்க பேர இங்க போடல.

மொதல்லயே சொல்லிடுறேன், போங்க. வேலைக்கு லீவு போட்டாவது போங்க. நான் கொழும்புல பல வருஷம் இந்த வேலை செஞ்சிட்டு இப்ப டிக்கோயா, கொட்டகலை பக்கம் வீடுகளுக்கு போறேன், இந்த வேலைக்கு வந்த காலத்துலயே இத யாராவது சொல்லிக் குடுத்திருந்தா எத்தனையோ பெரியவங்க நிம்மதியா இருந்திருப்பாங்கன்னு வகுப்புல உக்காந்திருந்தப்பல்லாம் தோணிச்சு.

நம்ம பக்கத்து புள்ளைங்க எவ்வளவு பேரு ஏஜென்சி மூலமா கொழும்பு, கண்டி வீடுகளுக்கு வயசானவங்கள பாத்துக்க போறாங்கன்னு உங்களுக்கே தெரியும். போறதுக்கு முன்ன சொல்லிக் குடுக்குறது என்ன, பிரெஷர் பாக்குறது, பெட்ஷீட் மாத்துறது, பெம்பர்ஸ் கட்டுறது, படுக்கைப் புண் வராம ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா திருப்பிப் போடுறது. எல்லாம் கட்டாயம் தெரிஞ்சிருக்க வேண்டியதுதான். ஆனா அந்த வீட்டு அம்மா விடிய விடிய "எங்க அம்மா எங்க"ன்னு கேட்டா என்ன சொல்றது, குளிக்கக் கூப்பிட்டா கைய ஓங்குனா என்ன பண்றது, என் சங்கிலிய நீதான் எடுத்தேன்னு சொன்னா எப்படி அந்த இடத்துல நிக்கிறது, இத யாரும் சொல்லிக் குடுக்குறதில்ல. திருட்டுப் பட்டம் வாங்கிக்கிட்டு அழுதுக்கிட்டே பஸ் ஏறி ஊருக்கு வந்த புள்ளைங்கள எனக்குத் தெரியும். சாமான வைச்ச இடம் மறந்து போயி, அத யாரோ எடுத்துட்டாங்கன்னு நம்புறது இந்த வருத்தத்துல சாதாரணமா வர்ற ஒண்ணுன்னு அந்தப் புள்ளைங்களுக்கும் தெரியல, வீட்டுக்காரங்களுக்கும் தெரியல.

இது பணக்கார வீட்டு வருத்தம்னும் நெனக்காதீங்க. உலக சுகாதார நிறுவனம் சொல்ற கணக்குல 2021ல உலகம் பூரா 57 மில்லியன் பேரு டிமென்ஷியாவோட இருந்திருக்காங்க, அதுல 60 வீதத்துக்கு மேல நம்மள மாதிரி குறைஞ்ச வருமான, நடுத்தர வருமான நாடுகள்லதான். தேயிலைத் தோட்டத்துல வயசுப் புள்ளைங்க எல்லாம் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போயிட்டு லயத்து வரிசை வீட்ல பாட்டியும் தாத்தாவும் மட்டும் இருக்குற காம்பராவ எண்ணிப் பாருங்க. வயசானா அப்படித்தான்னு விட்டுடுறோம், கிளினிக்குக்கு கூட்டிட்டுப் போறதே இல்ல.

சரி வகுப்புக்கு வர்றேன். நடத்துனது ஆஸ்பத்திரியில இருந்து பென்ஷன் போன ஒரு மிஸ்ஸி (நர்ஸ்), கூட ஒரு சமூக சேவை செய்ற தம்பி. மிஸ்ஸி பேசுறது அவ்வளவு நல்லா இருக்கும், எல்லாரையும் "புள்ள புள்ள"ன்னுதான் கூப்பிடுவாங்க, கேள்வி கேட்டா கோவிக்க மாட்டாங்க, திரும்பத் திரும்ப கேட்டாலும் அதே பொறுமையோட சொல்லுவாங்க. மொத வகுப்பு மூளையப் பத்தி. டிமென்ஷியாவுல பல வகை இருக்கு, அல்சைமர்ங்குற வகைதான் கூட, டிமென்ஷியா வந்தவங்கள்ல 60ல இருந்து 70 வீதம் வரைக்கும் அதுதான். பிரெஷர், சீனி வருத்தம் இருக்குறவங்களுக்கு மூளைக்கு ரத்தம் சரியா போகாம வர்றது இன்னொண்ணு, அது படி எறங்குற மாதிரி கொஞ்ச நாள் ஒரே அளவுல இருந்துட்டு திடீர்னு ஒரு படி குறையும். லூயி பொடின்னு ஒண்ணு, அதுல இல்லாத ஆளுங்க, சின்னப் புள்ளைங்க எல்லாம் கண்ணுக்குத் தெரியும். நெத்திப் பக்கத்து மூளையில தொடங்குறதுல ஆரம்பத்துல ஞாபகம் நல்லா இருக்கும், குணம்தான் மொதல்ல மாறும். இத எல்லாம் மனப்பாடம் பண்ணச் சொல்லல, எது எந்த வகைன்னு டொக்டர் சொன்னா அதுக்கேத்த மாதிரி நம்ம வேலை மாறணும்னு வெளங்கப்படுத்துனாங்க. சுவத்துல பேய் நிக்குதுன்னு ஐயா சொன்னா மந்திரிக்கக் கூட்டிட்டுப் போகாம கண்ணையும் லைட்டையும் மருந்தையும் மொதல்ல பாக்கணும்.

எனக்கு உசுரா தோணுனது அதுக்கு அடுத்த வகுப்பு. எங்களையே ரெண்டு ரெண்டு பேரா பிரிச்சு ஒருத்தர நோயாளியா உக்கார வைச்சாங்க. கண்ணாடியில வாசலின் தடவி போட்டு விட்டாங்க, காதுல பஞ்சு, கையில தடிச்ச கையுறை. எதிர்ல இருக்குறவங்க ஒண்ணுமே சொல்லாம பின்னால இருந்து வந்து வாயில கரண்டிய வைக்கணும், அப்புறம் ஒரே மூச்சுல "எழும்புங்க சட்டைய மாத்துங்க சப்பாத்து போடுங்க சீக்கிரம் வாங்க"ன்னு சொல்லணும். எனக்கு கரண்டி வந்தப்ப என் கை தானா அத தட்டி விட்டுச்சு. சுத்தியிருந்த அக்காமாரும் அதேதான் செஞ்சாங்க. அம்மாமாரு அடிக்கிறாங்க கிள்ளுறாங்கன்னு இத்தன காலம் சொன்னோமே அது இதுதான், பயம். அதுக்கப்புறம் அதே வேலைய சரியா செய்யச் சொன்னாங்க: முன்னால இருந்து வர்றது, கண்ணுக்கு நேரா குனியிறது, பேர சொல்றது, ஒரு நேரத்துல ஒரே ஒரு விஷயம் சொல்றது, சொல்லிட்டு பதிலுக்கு காத்திருக்கிறது. கரண்டிய நாமளே வாயில வைக்காம அவங்க கையில குடுத்து அந்தக் கைக்கு அடியில நம்ம கைய வைச்சு தாங்கிப் புடிக்கிறது. அப்படி ஊட்டுனப்ப ஒருத்தரும் தட்டி விடல. எழுதிப் போட்டு பத்து நாள் படிச்சாலும் இது மண்டையில ஏறாது, உடம்புல பட்டாத்தான் ஏறும்.

"ஞாபகம் இருக்கா" அப்படிங்குற கேள்விய அடியோட விடணும்னு சொன்னாங்க. நான் யாரு சொல்லுங்க பாப்போம், நேத்து என்ன சாப்டீங்கன்னு பரீட்சை வைக்கிறது நம்ம வீடுகள்ல சாதாரணம், வர்ற சொந்தக்காரங்க எல்லாம் அதத்தான் கேக்குறாங்க. பதில் தெரியாம அவங்க மொகம் சுருங்கிப் போறத யாரும் பாக்குறதில்ல. அதுக்கு பதிலா நாமளே சொல்லிடலாம், "அம்மா நான் செல்வி, உங்க கூட டீ குடிக்க வந்திருக்கேன்" (செல்வின்னு சும்மா ஒரு பேரு).

இந்த ட்ரெய்னிங்கோட நடு மையம்னா வாழ்க்கைக் கதை எழுதுற பகுதிதான். ஒருத்தர பாத்துக்கப் போறப்ப மருந்து லிஸ்ட் மட்டும் வாங்கிட்டு வராம, அவங்க என்ன வேலை செஞ்சாங்க, எத்தன மணிக்கு எழும்புவாங்க, எந்த சாமி, எந்தச் சாப்பாடு, யாரு செத்தப்ப மனசு ஒடிஞ்சாங்க, எதுக்கு பயம், என்ன சொல்லிக் கூப்பிட்டா சந்தோசப்படுவாங்க, எல்லாத்தையும் குடும்பத்துக்கிட்ட கேட்டு ஒரு தாள்ல எழுதணும். பிரிட்டன்ல டொம் கிட்வூட்னு ஒரு பேராசிரியர் 1990கள்லயே இதத்தான் எழுதிக்கிட்டு இருந்தாரு, நோயப் பாக்காம ஆளப் பாருங்கன்னு. மிஸ்ஸி அந்தப் பேர ஒரு தடவதான் சொன்னாங்க, மத்த எல்லாத்தையும் நம்ம ஊரு உதாரணத்துலயே சொன்னாங்க. அதுல ஒண்ணு, பென்ஷன் போன ஒரு கொழுந்து எடுத்த அம்மா, விடியக்காலம் அஞ்சு மணிக்கு எழும்பி படங்கு (இடுப்புல கட்டுற சாக்கு) எங்க கூடை எங்க பெரட்டுக்கு (காலையில பேர் போட்டு வேலை பிரிக்கிற எடத்துக்கு) நேரமாச்சுன்னு கதவ இழுக்குறாங்க. மகன் என்ன சொல்வாரு, "நீ வேலைய விட்டு இருவது வருஷமாச்சு, பேசாம படு". அந்தம்மாவுக்கு அது பொய்யா கேக்கும், நேரம் போகுது, பேர் விழாது, அரை நாள் சம்பளம் போயிடும்னு பதறுவாங்க. சத்தம் கூடும், கூடுனா மருந்து குடுத்து தூங்க வைங்கன்னு கேப்பாங்க.

மிஸ்ஸி சொன்ன வழி, மறுத்துப் பேசாதீங்க, பொய்யும் சொல்லாதீங்க, அந்த அம்மா இருக்குற எடத்துக்கு நீங்க போங்க. இன்னைக்கு எந்த மலை, யாரு கங்காணி, எத்தன கிலோ எடுப்பீங்கன்னு கேளுங்க. குளிருது, ஒரு சாயத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்னு உக்கார வைங்க. கைக்கு ஒரு வேலை குடுங்க. இத நான் பாத்துக்குற ஒரு அம்மாகிட்ட செஞ்சு பாத்தேன், கம்பளிய தோள்ல போட்டுவிட்டு, ஒரு கூடை நெறைய போஞ்சிய வைச்சு உடைச்சுக் குடுங்கம்மான்னு சொன்னேன், அவங்க உடைச்ச வேகத்த பாக்கணுமே, விரல் அப்படியே கொழுந்து கிள்ளுற மாதிரி ஓடுது. எழுத்து மறந்தாலும் புள்ளைங்க பேரு மறந்தாலும் அந்தக் கை மறக்கல. விடியக்காலச் சண்டை அன்னையில இருந்து ரொம்பக் குறைஞ்சு போச்சு, சில நாள் வரும், வந்தாலும் இப்ப என்ன செய்யணும்னு எனக்குத் தெரியும்.

அடுத்தது ஒரு சின்னக் கொப்பி. கோவமோ கத்தலோ வந்தா, அதுக்கு முன்ன என்ன நடந்துச்சு, என்ன செஞ்சாங்க, அதுக்குப் பின்ன என்ன ஆச்சு, மூணு கட்டமா எழுதிக்கிட்டு வரணும். ஒரு வாரம் எழுதுனாலே ஒரு ஒழுங்கு தெரிய வரும். அந்தி சாயுற நேரத்துல குழப்பம் கூடுறது இந்த வருத்தத்துல எல்லா ஊர்லயும் இருக்கு, ஆனா நம்ம மலையில மழைக்காலத்துல மத்தியானம் தாண்டுனாலே மூடுபனி எறங்கி வீடு இருட்டாயிடுதே, வகுப்புல ஒரு அக்கா எழுதிட்டு வந்த கொப்பியில அவங்க ஐயாவுக்கு பனி எறங்குற நாள்லதான் மூணு மணிக்கே தொடங்குது, வெயில் நாள்ல தொடங்கல. கரண்ட் பில் கூடுதேன்னு ஆறு மணி வரைக்கும் லைட் போடாம இருந்திருக்காங்க. பனி வந்தவொடனே லைட் போட்டு, திரைய இழுத்து ஜன்னல்ல தெரியுற நிழல மறைச்சு, ஏதாவது சாப்பிடக் குடுத்தாங்க, அடுத்த கிழமை வகுப்புல வந்து சொன்னப்ப அந்த அக்கா மொகமே வேற மாதிரி இருந்துச்சு. மருந்து ஒண்ணும் மாத்தல.

குளிப்பாட்டுறதப் பத்தி தனியா ஒரு மணித்தியாலம். நம்ம குளிருல இது பெரிய போராட்டம். ரூம மொதல்ல சூடாக்கி, சுடுதண்ணி, துவாய், மாத்துற உடுப்பு எல்லாத்தையும் எடுத்து வைச்சிட்டுத்தான் ஆளக் கூப்பிடணும், தலையில எடுத்தவொடனே தண்ணி ஊத்தக் கூடாது, கால்ல தொடங்கி மேல வரணும், கழுவாத எடத்த துவாயால மூடியே வைச்சிருக்கணும், முடியாதுன்னா விட்டுடணும், தொடைச்சு விட்டாலே போதும், தெனம் குளிச்சாத்தான் சுத்தம்னு சட்டமில்ல. சாப்பாட்டுல, நிமிந்து உக்கார வைச்சுத்தான் குடுக்கணும், சாப்பிட்டு அரை மணித்தியாலமாவது படுக்க வைக்கக் கூடாது, தண்ணி மாதிரி இருக்குறது குடிக்கிறப்ப இருமுனா, குரல் கொழகொழன்னு மாறுனா விழுங்குறதுல பிரச்சினைன்னு டொக்டர்கிட்ட சொல்லணும், சாப்பாடு நுரையீரலுக்குள்ள போயி நியூமோனியா சளிக்காய்ச்சல் வந்துதான் நெறைய பேரு சாகுறாங்க. ரொட்டிய சாயத்துல நனைச்சுக் குடுக்குறது நம்ம பழக்கம், அதையும் இருமல் பாத்துத்தான் குடுக்கணும்.

இப்ப எல்லாரும் கட்டாயம் வாசிக்க வேண்டியது. ஒரே நாள்ல ஆள் திடீர்னு மாறுனா அது டிமென்ஷியா முத்துனதுன்னு விட்டுடாதீங்க. டிமென்ஷியா பெரும்பாலும் மாசக்கணக்குல வருஷக்கணக்குல மெதுவா போறது. நேத்து வரைக்கும் உக்காந்து பேசுனவங்க இன்னைக்கு காலையில ஆளையே தெரியாம முழிக்கிறாங்க, இல்லாட்டி தூங்கித் தூங்கி விழுறாங்க, இல்லாட்டி கட்டில்ல இருந்து எதையோ பொறுக்குற மாதிரி கைய ஆட்டுறாங்கன்னா உடம்புல வேற ஏதோ வந்திருக்கலாம். சிறுநீர்ல கிருமி, நெஞ்சுச் சளி, தண்ணி பத்தாம போனது, மலச்சிக்கல், சீனி எறங்குனது, புதுசா குடுத்த மருந்து, விழுந்து தலையில அடி. அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு கொண்டு போகணும், 1990க்கு போன் பண்ணா சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமா வரும். வகுப்பு முடிஞ்சு கொஞ்ச நாள்லயே எனக்கு இது நடந்துச்சு, அதே போஞ்சி உடைக்கிற அம்மா, ஒரே ராத்திரியில ஆளே மாறிட்டாங்க. வருத்தம் முத்திப் போச்சுன்னு வீட்ல அழ ஆரம்பிச்சிட்டாங்க. நான் ஒண்ணுக்கு போறத, நாத்தத்த, உடம்புச் சூட்ட எல்லாம் கொப்பியில எழுதியிருந்தேன், அத எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு போனோம், சிறுநீர்ல கிருமின்னு சொல்லி மருந்து குடுத்தாங்க, கொஞ்சம் கொஞ்சமா பழைய நெலமைக்கு வந்துட்டாங்க. இந்த ஒரு பாடத்துக்காகவே கட்டுன காசு சரியாப் போச்சு.

வலியும் அப்படித்தான். வாய் விட்டு சொல்ல முடியாதவங்களுக்கு மூச்சு, முனகல், மொகம், உடம்ப வைச்சிருக்கிற விதம், தேத்துனா அடங்குறாங்களா இல்லையா, இந்த அஞ்சையும் பாத்து புள்ளி போடுற முறை ஒண்ணு சொல்லிக் குடுத்தாங்க. கொழுந்துக் கூடைய தலையிலயும் முதுகுலயும் சுமந்த பொம்பளைங்களுக்கு இடுப்பு வலி, கழுத்து வலி, முழங்கால் வலி இல்லாம இருக்குமா சொல்லுங்க. தூங்குறதுக்கும் கத்தல நிறுத்துறதுக்கும் குடுக்குற சில மனநோய் மருந்துங்க டிமென்ஷியா இருக்குற வயசானவங்களுக்கு சாவு வர்ற ஆபத்த கூட்டும்னு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் 2005லயே எச்சரிக்கை போட்டிருக்கு, அதுலயும் லூயி பொடி வகைன்னா இன்னும் ஆபத்து. டொக்டர் யோசிச்சு எழுதுனத நாம நிறுத்தவும் கூடாது, பக்கத்து வீட்டு மருந்த வாங்கிக் குடுக்கவும் கூடாது. ஆனா வலிக்குதா, பசிக்குதா, ஒண்ணுக்கு வருதா, குளிருதான்னு பாத்துட்டு அப்புறம் மருந்தப் பத்தி பேசலாம்.

இனி குறைங்க. மனசுல பட்டத அப்படியே எழுதுறேன், அவங்களுக்கும் எழுதிக் குடுத்திருக்கேன்.

குடுக்குற நோட்ஸ் வாசிக்கவே முடியல. மிஸ்ஸி வாயால சொல்றது தேன் மாதிரி இருக்கு, தாள்ல இருக்குறது வேற பாஷையில எழுதுனத மாத்தி வைச்ச மாதிரி ஒவ்வொரு வசனமும் அஞ்சு வரி போகுது. எட்டாம் வகுப்போட நின்ன அக்காமாரு வகுப்புல இருந்தாங்க, வேலையில அவங்க கைதான் எங்க எல்லார விடவும் கெட்டி, நோட்ஸ் பாத்து அவங்க மொகம் வாடுனது எனக்கு தாங்கல. படம் போட்டு, பேசுற பேச்சுல, பெரிய எழுத்துல குடுங்க. மிஸ்ஸி பேசுறத போன்ல ரெக்கோட் பண்ணி குடுத்தாலே போதும்.

அடுத்தது, வீட்ட பாதுகாப்பா வைக்கிறதுன்னு காட்டுன படம் எல்லாம் டவுன் வீடு. டொய்லட்ல கைபிடி, சமையலறை, தனி ரூம், தரையில வழுக்காத டைல்ஸ். கொழும்புக்கு வேலைக்குப் போற புள்ளைங்களுக்கு அது சரி. லயத்துல ஒரு காம்பரா, ஒரு குசினி, ஒரு இஸ்தோப்பு, டொய்லட் வெளிய, அதுக்குப் போற வழியில கான், படி, பாசி. ராத்திரி மழையில ஒரு தாத்தாவ எப்படி கூட்டிட்டுப் போறது? வாளியும் மூடி போட்ட கதிரையும் காம்பராவுக்குள்ளயே வைக்கிற ஒழுங்கு, இருட்டுல தெரியுற மாதிரி படி விளிம்புல வெள்ளப் பெயின்ட், அடுப்பு வெறகு அணைச்ச பிறகும் சூடா இருக்குறது, இதெல்லாம் யாராவது உக்காந்து யோசிச்சு சேக்கணும். வெளிய எறங்கி நடந்துட்டா டவுன்ல ரோட்டத் தேடுனா போதும், இங்க தேயிலை மலைக்குள்ள பனியில போயிட்டா ஆள் நிக்கிறதே தெரியாது, சிறுத்தை நடமாடுற எடம் வேற. பக்கத்து லயம், கடை, த்ரீவீல் ஸ்டாண்ட், வாச்சர்மாரு எல்லார்கிட்டயும் முன்கூட்டியே சொல்லி வைக்கணும், சட்டைப் பையில பேரும் போன் நம்பரும் தைச்சு விடணும், அந்தக் காலத்துல வேலை செஞ்ச மலை எதுன்னு தெரிஞ்சு வைச்சுக்கணும், தேடுறப்ப மொதல்ல அங்கதான் போகணும். இத வகுப்புல நாங்கதான் பேசுனோம், நோட்ஸ்ல இல்ல.

எனக்கு ரொம்பப் பெருசா பட்ட குறை வேற. வாழ்க்கைக் கதை தாள்ல படிப்பு, கல்யாணம், பொழுதுபோக்கு எல்லாம் கேக்குறாங்க. நம்ம மலையகத் தமிழ் சனம் பட்டத கேக்குற ஒரு கட்டமும் இல்ல. இப்ப எழுபது எண்பது வயசுல இருக்குறவங்க 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தால நாடில்லாம ஆக்கப்பட்ட வீடுகள்ல பொறந்து வளந்தவங்க. 1964ல சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துல 525,000 பேரு இந்தியாவுக்கு, 300,000 பேரு இங்கன்னு தலைய எண்ணிப் பிரிச்சாங்க, அண்ணன் ஒரு நாடு தங்கச்சி ஒரு நாடுன்னு ஆச்சு, தலைமன்னார்ல கப்பல் ஏத்திட்டு வந்து அழுத அழுகை அவங்க நெஞ்சுக்குள்ள இருக்கு. அப்புறம் 1977, 1983 கலவரங்கள், லயத்துக்கு தீ வைக்க வந்தப்ப தேயிலைக்குள்ள ஒளிஞ்சு கிடந்தவங்க. டிமென்ஷியாவுல கிட்டத்து ஞாபகம்தான் மொதல்ல போகும், பழசு ரொம்ப நாள் நிக்கும். அப்படின்னா கடைசி வரைக்கும் அவங்க கூட நிக்கப் போறது எது? ஒரு ஐயா பொழுது பட்டா உடுப்ப பொட்டியில அடுக்கி கப்பலுக்கு நேரமாச்சுங்குறாரு, பாத்துக்குறவங்க அத அலைச்சல்னு எழுதுறாங்க. கலியாண வீட்டுப் பட்டாசு கேட்டா ஒரு அம்மா கட்டிலுக்கு அடியில போறாங்க, லைட் போடாதீங்கன்னு கெஞ்சுறாங்க. கதை தெரிஞ்ச ஆள் லைட்ட அணைச்சிட்டு பக்கத்துலயே உக்காந்து கையப் புடிச்சுக்கிட்டு "நான் இருக்கேன், வெளிய யாரும் இல்ல"ன்னு சொல்லுவாங்க. தெரியாத ஆள் வெளிய இழுப்பாங்க. நான் இத வகுப்புல சொன்னப்ப மிஸ்ஸி கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் நீயே முன்னால வந்து எல்லாருக்கும் சொல்லு புள்ளன்னாங்க. அன்னைக்கு எல்லாரும் அவங்கவங்க பாட்டி தாத்தா கதைய சொன்னாங்க, வகுப்பு முடியுற நேரம் தாண்டியும் ஒருத்தரும் எழும்பல. அத பாடத்துல நிரந்தரமா சேக்கணும்னு எழுதிக் குடுத்திருக்கேன்.

பாஷையும் இதோட சேந்ததுதான். ரெண்டாவதா படிச்ச பாஷை பலருக்கு மொதல்ல நழுவிப் போகலாம். பங்களாவுல சிங்களமும் இங்கிலீசும் பேசுன அப்புமாரு (சமையல்காரங்க) கடைசியில தமிழ் மட்டும் பேசலாம், வீட்ல தெலுங்கு, மலையாளம் பேசி வளந்தவங்களும் நம்ம தோட்டங்கள்ல இருக்காங்க, அவங்க அந்தப் பேச்சுக்கே திரும்பலாம். ஆஸ்பத்திரியில சிங்களத்துல கேட்டு பதில் வரலன்னா முத்திப் போச்சுன்னு முடிவு பண்ணிடக் கூடாது, கூடப் போறவங்க இத டொக்டர்கிட்ட எடுத்துச் சொல்லணும்.

பாத்துக்குறவங்க தன்னைப் பாத்துக்குறதுன்னு ஒரு வகுப்பு இருந்துச்சு, எனக்கு அது பத்தல. மூச்சுப் பயிற்சி, தியானம், மனச லேசா வைச்சுக்கிறது எல்லாம் நல்லதுதான். ஆனா ஒரு வீட்ல தங்கி 24 மணித்தியாலமும் நிக்கிற புள்ளைக்கு தேவை தூக்கம். ராத்திரி நாலு தடவ எழும்புற ஒருத்தர பாத்துக்கிட்டு பகலும் சமைச்சு துவைச்சு நிக்கிறவளுக்கு பொறுமை எங்க இருந்து வரும்? எத்தன மணித்தியாலம் தூக்கம், கிழமைக்கு எத்தன நாள் லீவு, ராத்திரி முழிச்சிருந்தா பகல்ல யாரு மாத்துறது, சமையலும் சேத்தா இல்லையா, சம்பளத்துல ஏஜென்சி எவ்வளவு எடுக்குது, எல்லாத்தையும் வேலைக்குப் போறதுக்கு முன்ன தாள்ல எழுதி ரெண்டு பக்கமும் கையெழுத்து வைக்கணும்னு அந்த வகுப்புல சொல்லியிருக்கணும். சொல்லல.

சேர்ட்டிபிகேட் பத்தி நெறைய பேரு கேட்டீங்க. அவங்க குடுக்குறது அவங்க நிறுவனத்தோட சேர்ட்டிபிகேட், என்.வி.கியூ. (அரசாங்கத்தோட தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ்) இல்ல. வெளிநாட்டுக்குப் போற எண்ணம் இருந்தா, இல்ல அரசாங்க அங்கீகாரம் வேணும்னா, பராமரிப்பாளருக்குன்னு தனியா என்.வி.கியூ. இருக்கு, அதுக்கு தொழிற்பயிற்சி அதிகார சபை மாதிரி எடங்கள்ல விசாரிங்க, காசு கட்டுறதுக்கு முன்ன எந்த லெவல்னு கேட்டு எழுத்துல வாங்கிக்குங்க. அந்தக் கோர்ஸ முடிச்சவங்களும் இதுக்கு வரலாம், என் கூட அப்படி ஒரு தங்கச்சி இருந்தா, டிமென்ஷியாவப் பத்தி இவ்வளவு விவரமா அவளும் முன்ன படிச்சதில்லன்னு சொன்னா.

கட்டணம் நம்ம சம்பளத்துக்கு பாரம்தான், ஆனா ரெண்டா பிரிச்சுக் கட்ட விட்டாங்க, மத்தியானச் சாப்பாடும் தந்தாங்க. மஸ்கெலியா, பொகவந்தலாவ பக்கம் இருந்து வர்றவங்களுக்கு கடைசி பஸ் பிரச்சினை, முன்கூட்டியே சொன்னா மூணரைக்கே விடுவாங்க. குடும்பத்துக்காரங்களுக்குன்னு ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியா, காசில்லாம நடத்துறாங்க, அப்பா அம்மாவ வீட்ல வைச்சுப் பாக்குறவங்க அதுக்காவது போங்க, மகன்மாரையும் இழுத்துட்டுப் போங்க, எல்லாத்தையும் மருமக தலையில போடாதீங்க. போக முடியாதவங்களுக்கு உலக சுகாதார நிறுவனத்தோட ஐசப்போர்ட்னு குடும்பத்துக்காரங்களுக்கான பாடத்திட்டம் ஒண்ணு இருக்கு, 5 பகுதி 23 பாடம், இங்கிலீஷ் வாசிக்கிற புள்ளைங்க வீட்ல இருந்தா தமிழ்ல சொல்லித் தரச் சொல்லுங்க. கொழும்புல லங்கா அல்சைமர்ஸ் பவுண்டேஷன் 2001ல இருந்து இந்த வேலையில இருக்கு. மனசு ஒடிஞ்சு போயி யார்கிட்டயாவது பேசணும்னா 1926, அது தேசிய மனநல உதவி இலக்கம்.

அடுத்த பேட்ச் செப்டம்பர்ல ஆரம்பிக்கும்னு சொன்னாங்க, 21ம் திகதி உலக அல்சைமர் தினம்கிறதால அந்த மாசத்துல வைக்கிறாங்களாம். போறவங்க சேரும்போதே கேளுங்க, லயத்து வீட்ட வைச்சு பயிற்சி இருக்கா, நோட்ஸ் பேச்சுத் தமிழ்ல வந்துருச்சா, வாழ்க்கைக் கதைத் தாள்ல நம்ம கதைய எழுத எடம் போட்டாங்களான்னு. நாலு பேரு கேட்டா சேப்பாங்க, மிஸ்ஸி காது குடுக்குற ஆள்தான். வகுப்பு நடக்குற மாடி ரூம் குளிரும், சுவெட்டர் எடுத்துட்டுப் போங்க.